விபத்தில் அடிபட்டவரின் மருத்துவச் செலவு: இன்று கட்டுபவரும் சட்டப்படி ஏற்பவரும்

சாலை விபத்தில் காயமடைந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் ஒருவரின் சிகிச்சைக்கான பணம் அன்றைக்கே கேட்கப்படுகிறது; ஆனால் அந்தச் செலவைச் சட்டப்படி ஏற்க வேண்டியவர் யார் என்பது, மோதிய வண்டியை ஓட்டியவர் மீது தவறு உண்டா, அந்த வண்டிக்குக் காப்பீடு இருந்ததா, காயத்தின் விளைவு எத்தகையது என்பனவெல்லாம் தீர்ப்பாயத்தில் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே, பெரும்பாலும் சில ஆண்டுகள் கழித்தே, முடிவாகிறது. இந்த இரண்டு நாள்களுக்கும் இடையே கிடக்கும் நீண்ட காலத்தில் கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் செலவைச் சுமப்பது அடிபட்டவரின் குடும்பமே. 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. அவற்றில் 17,884 பேர் இறந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாநிலத்தில், மருத்துவச் செலவு எந்தெந்த வழியாக வருகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் விபத்து நேர்வதற்கு முன்பே அறிந்திருப்பது தேவையாகிறது.

முதல் கேள்வி, பணம் கட்டாமல் சிகிச்சை கிடைக்குமா என்பது. விபத்தில் சிக்கியவரைக் காவல்துறை வரட்டும் என்றோ முன்பணம் கட்டட்டும் என்றோ காக்கவைக்காமல் உடனே சிகிச்சை அளிப்பது, அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும், அவர்தம் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவும் இதே கடமையை மருத்துவர் மீது சுமத்துகிறது. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வரும் வழிப்போக்கரிடம் சிகிச்சைக்கான பணத்தைக் கேட்கக் கூடாது என்பதும், அவர் விரும்பாவிட்டால் பெயரையோ முகவரியையோ சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்பதும் 2016ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த விதிகள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக 134அ பிரிவாக அந்தப் பாதுகாப்பு சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. எனினும், சிகிச்சை அளிக்க வேண்டும் என்ற கடமையைச் சொன்ன சட்டம், அந்தச் சிகிச்சைக்கான பணத்தை மருத்துவமனைக்கு யார் தருவது என்பதை நெடுங்காலம் சொல்லவில்லை. முதலுதவி செய்து கட்டுப்போட்டு, வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்படி சொல்லி அனுப்பும் வழக்கம் நிலைத்ததற்கு இந்த இடைவெளியே காரணம்.

தமிழ்நாட்டில் அந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது, 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்குபவர் இம்மாநிலத்தவராயினும், வேறு மாநிலத்தவராயினும், வெளிநாட்டவராயினும், வருமானம் எவ்வளவாயினும், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், திட்டத்தில் சேர்க்கப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு அவருக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கப்படுகிறது; வரையறுக்கப்பட்ட 81 சிகிச்சை முறைகளுக்கான தொகையை அரசே மருத்துவமனைக்குத் தந்துவிடுகிறது. ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் என்று தொடங்கிய உச்சவரம்பு பின்னர் 2 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. அட்டையையும் வருமானச் சான்றையும் தேடி அலைய வேண்டாத நிலையை உருவாக்கியதே இத்திட்டத்தின் பெரிய நன்மை. மயங்கிக் கிடக்கும் ஒருவரிடம் ஆவணம் கேட்பது எவ்வளவு கொடுமையானது என்பதை உணர்ந்தவர்கள் வகுத்த விதி அது.

நாடு முழுவதற்குமான திட்டம் சற்றுத் தாமதமாக வந்தது. அது வந்ததிலும் தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவரின் பங்கு உண்டு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணரான டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக 2012ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். விபத்தில் காயமடைந்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரையுள்ள காலத்தைச் சட்டம் 'பொன்னான நேரம்' என்று வரையறுக்கிறது. சிகிச்சை கிடைத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிகுதியாக உள்ள அந்த நேரத்தில் பணமில்லாச் சிகிச்சை அளிப்பதற்கு மத்திய அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக வந்த 162ஆம் பிரிவு கட்டளையிட்டிருந்தும், அப்பிரிவு 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பின்னும், திட்டம் வராமலே இருந்தது. ராஜசேகரன் தொடுத்த அதே வழக்கில் 2025 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் கெடு விதித்த பிறகே, 2025 மே 5 அன்று அது அரசிதழில் வெளியாயிற்று. அதன்படி, மோட்டார் வாகனத்தால் நேர்ந்த விபத்தில் காயமடைந்த எவருக்கும், விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, பணமில்லாச் சிகிச்சை பெறும் உரிமை உண்டு. திட்டத்தில் சேராத மருத்துவமனையில் உடல்நிலையை நிலைப்படுத்தும் சிகிச்சை மட்டும் இதன்கீழ் கிடைக்கும். இதற்கான பணம் மோட்டார் வாகன விபத்து நிதியிலிருந்து வருகிறது: விபத்தை ஏற்படுத்திய வண்டிக்குக் காப்பீடு இருந்தால் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் அந்த நிதிக்கு அளித்த பங்கிலிருந்தும், காப்பீடு இல்லாவிட்டாலோ வண்டி நிற்காமல் சென்றுவிட்டாலோ மத்திய அரசு ஒதுக்கும் தொகையிலிருந்தும் அது வழங்கப்படும்.

இவ்விரண்டு திட்டங்களும் உயிரைக் காப்பதற்கானவை; உடலை முழுமையாகச் சரிசெய்வதற்கு அவை போதா. தொடை எலும்பு முறிந்த ஒருவரை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். முதல் இரண்டு நாள்களில் இரத்தப்போக்கு நிறுத்தப்பட்டு, எலும்புக்குள் கம்பி வைக்கும் அறுவைச் சிகிச்சையும் முடிந்துவிடலாம். அதன் பின்னர் வார்டில் தங்கும் நாள்கள், காயத்தில் சீழ் பிடித்தால் மீண்டும் அறுவை, மாதக்கணக்கில் இயன்முறைச் சிகிச்சை எனப்படும் பிசியோதெரபி, ஊன்றுகோல், மருத்துவமனைக்குச் சென்றுவர வாடகை வண்டி, உடனிருந்து பார்த்துக்கொள்பவர் இழக்கும் கூலி, ஒன்றிரண்டு ஆண்டுகள் கழித்துக் கம்பியை எடுப்பதற்கான இன்னோர் அறுவை என்று செலவு நீள்கிறது. மாநிலத் திட்டத்தில் 48 மணி நேரம் கடந்ததும், நோயாளி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பயனாளியாக இருந்தால் அதன்கீழ் சிகிச்சையைத் தொடரலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அத்திட்டம் அளிக்கிறது. பயனாளி இல்லையென்றால் அரசு மருத்துவமனைக்கு மாறுவது அல்லது சொந்தப் பணத்திலோ தனியார் மருத்துவக் காப்பீட்டிலோ தொடர்வது என்ற இரண்டு வழிகளே எஞ்சுகின்றன. வருமான வரம்பைச் சற்றே தாண்டியதால் அட்டை பெற முடியாமலும், தனியார் காப்பீட்டுக்குத் தவணை கட்ட இயலாமலும் நடுவில் நிற்கும் குடும்பங்களே இந்தக் கட்டத்தில் மிகுதியாக உடைந்துபோகின்றன. திட்டங்களை வகுப்பவர்களின் கவனம் அடுத்ததாகச் செல்ல வேண்டிய இடம் இதுவே.

வண்டிக்கு எடுத்த இன்சூரன்ஸ் மருத்துவமனைப் பில்லைக் கட்டிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது பெரும்பகுதி தவறானது. சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் கட்டாயமாக்கப்பட்டுள்ள மூன்றாம் நபர் காப்பீடு, பேச்சு வழக்கில் 'தேர்டு பார்ட்டி', அந்த வண்டியால் பிறருக்கு நேரும் உயிரிழப்பையும் காயத்தையும் ஈடுசெய்வதற்கானது; அந்த ஈடும் மருத்துவமனைக்கு நேரடியாகச் செல்லாமல், இழப்பீடாக, உரிமை மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே பாதிக்கப்பட்டவருக்குக் கிடைக்கிறது. 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று அழைக்கப்படும் விரிவான காப்பீடு இதனுடன் சொந்த வண்டியின் சேதத்தையும் சேர்த்துக்கொள்கிறதே தவிர, வண்டி ஓட்டியவரின் சிகிச்சைச் செலவைப் பொதுவாக ஏற்பதில்லை. உரிமையாளரே ஓட்டுநராக இருக்கையில் பொருந்தும் 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு மரணத்துக்கும், கை, கால், கண் இழப்புக்கும், நிரந்தர முழு ஊனத்துக்கும் உரியது. ஆறு மாதத்தில் கூடிவிடும் எலும்பு முறிவுக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து செல்பவரும், சொந்தக் காரில் கட்டணமின்றி உடன்வரும் உறவினரும், சட்டம் கட்டாயப்படுத்தும் குறைந்தபட்சக் காப்பீட்டில் அடங்குவதில்லை என்பதையும், அவர்களுக்கு விரிவான காப்பீடு தேவை என்பதையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் தெளிவாக்கியுள்ளன. மனைவியையும் குழந்தையையும் பின்னால் அமர்த்திச் செல்லும் ஒருவர், ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் என்று எண்ணி மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்வது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைக் காப்பீட்டு முகவர்கள் எடுத்துச் சொல்வது அரிதாகவே இருக்கிறது.

ஆகவே, உடனடிச் செலவுக்கு உண்மையில் உதவுவது மருத்துவக் காப்பீடே. புதிதாகக் காப்பீடு எடுத்தவருக்கு முதல் 30 நாள்கள் பயன் இல்லை என்ற நிபந்தனை விபத்துக்குப் பொருந்தாது. ஆனால் அறை வாடகைக்கு வரம்பு வைத்த காப்பீட்டில் அதற்கு மேற்பட்ட வாடகையுள்ள அறையில் தங்கினால், வாடகையில் மட்டுமன்றி மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் முதலியவற்றிலும் அதே விகிதத்தில் பிடித்தம் செய்யப்படக்கூடும். அவசரத்தில் கிடைத்த அறையை ஒப்புக்கொள்ளும் உறவினர் இதை அறிந்திருப்பதில்லை. மதுவருந்தி வண்டி ஓட்டியதாக மருத்துவக் குறிப்பில் பதிவாகியிருந்தால், கோரிக்கை மறுக்கப்படவும் வாய்ப்புண்டு.

பிற்பாடு கிடைக்க வேண்டிய இழப்பீட்டின் தலைவிதி, பெருமளவுக்கு, விபத்து நடந்த அன்றைக்கு எழுதப்படும் இரண்டொரு தாள்களில் அடங்கியிருக்கிறது. அவற்றுள் முதன்மையானது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் பணியிலுள்ள மருத்துவர் எழுதும் குறிப்பு. நீதிமன்ற வளாகங்களில் இதன் நகலை 'ஏ.ஆர். காப்பி' என்பார்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த வண்டி மோதி, எவரால் அழைத்துவரப்பட்டார் என்பதை மருத்துவர் கேட்டு எழுதுகிறார். காவல் நிலையம், வழக்கு என்று அலைய நேருமோ என அஞ்சி, வண்டியிலிருந்து தானாகவே தவறி விழுந்தார் என்று உடன்வந்தவர் சொல்லிவிட்டால், அந்த ஒரு வரி அப்படியே பதிவாகிவிடுகிறது. மோதிய காரின் எண்ணைக் குறிப்பிட்டுப் பத்து நாள் கழித்துப் புகார் கொடுத்தாலும், காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் தீர்ப்பாயத்தில் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஏ.ஆர். காப்பியைத்தான். முதல் தகவல் அறிக்கை தாமதமானதற்குத் தக்க காரணம் இருந்தால் தாமதம் மட்டுமே கோரிக்கையைக் கெடுத்துவிடாது. முரணான முதல் குறிப்போ எளிதில் துடைக்க முடியாத கறையாக நிற்கிறது.

காவல்துறையின் கடமையும் இப்போது காலக்கெடுவுக்கு உட்பட்டது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாள்களுக்குள் வண்டி, உரிமம், காப்பீடு, காயம், சாட்சிகள் ஆகிய அனைத்தும் அடங்கிய விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அளிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனம் அதற்கென ஓர் அதிகாரியை நியமித்து, தான் தர முன்வரும் தொகையைத் தீர்ப்பாயத்தின்முன் வைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் ஆவணங்களுக்காக அலையாமல் ஆவணங்களே தீர்ப்பாயத்தைத் தேடிச் செல்ல வேண்டும் என்பது இந்த விதிகளின் நோக்கம். அது முழுமையாக நிறைவேறினால், மருத்துவமனை வார்டுகளில் கட்டிலுக்குக் கட்டில் சென்று வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கும் இடைத்தரகர்களுக்கு வேலையே இராது.

இழப்பீடு கோரும் மனு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின்முன் தாக்கலாகிறது, தமிழ்நாட்டில் மாவட்ட நீதிமன்றங்களும் சார்பு நீதிமன்றங்களும், சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றமும் இப்பணியைச் செய்கின்றன, மனுக்களுக்கு 'எம்.சி.ஓ.பி.' என்ற வரிசையில் எண் தரப்படுகிறது. காயமடைந்தவருக்கு எந்தெந்த இனங்களில் ஈடு தர வேண்டும் என்பதை 2011ஆம் ஆண்டின் ராஜ்குமார் எதிர் அஜய் குமார் தீர்ப்பு வகுத்துக் காட்டியது: மருந்து, மருத்துவமனை, போக்குவரத்து, சத்தான உணவு ஆகியவற்றுக்கான செலவு; சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம்; நிரந்தர ஊனத்தால் இனி இழக்கப்போகும் வருமானம்; வருங்கால மருத்துவச் செலவு; வலிக்கும் துயருக்கும், வாழ்வின் இயல்பான இன்பங்களை இழந்ததற்கும் உரிய தொகை. உடலுறுப்பின் ஊனச் சதவீதமும் உழைக்கும் திறனின் இழப்பும் ஒன்றாகா என்பது அத்தீர்ப்பின் சாரம். இடக்கையை இழந்த அலுவலக எழுத்தர் வேலையில் தொடரக்கூடும், அதே கையை இழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடுகிறது.

கணக்கு எவ்வாறு போடப்படுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் 35 வயதுச் சுயதொழிலாளிக்கு உழைக்கும் திறனில் 20 சதவீதம் நிரந்தரமாகக் குறைந்துவிட்டதாகத் தீர்ப்பாயம் முடிவுசெய்தால், ஆண்டு வருமானமான 1,80,000 ரூபாயை, 2009ஆம் ஆண்டின் சரளா வர்மா தீர்ப்பு அந்த வயதுக்கு வகுத்த 16 என்ற பெருக்கு எண்ணால் பெருக்கி, வரும் 28,80,000 ரூபாயில் 20 சதவீதமாகிய 5,76,000 ரூபாய் வருங்கால வருமான இழப்பாகக் கொள்ளப்படும். 2017ஆம் ஆண்டின் பிரணய் சேத்தி தீர்ப்பின் வழியில் வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் அது 8,06,400 ரூபாயாகும். மருத்துவச் செலவுக்கு இத்தகைய பெருக்கல் எதுவும் இல்லை. பில் எவ்வளவோ அவ்வளவே. மருந்துச் சீட்டோடு பொருந்தும் அசல் பில்களையே தீர்ப்பாயம் எதிர்பார்க்கிறது. மருத்துவமனை முன்கூட்டியே எழுதித் தரும் உத்தேச மதிப்பீடு, பணம் கட்டியதற்குச் சான்றாகாது. மருந்துக்கடைப் பில்லின் மை சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் உடனுக்குடன் நகலெடுத்து வைப்பதும், மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்திடம் அசலைக் கொடுத்துவிட்டவர்கள் சான்றிட்ட நகல்களையும் பணம் பெற்ற விவரத்தையும் வாங்கி வைப்பதும் அவசியம். மருத்துவக் காப்பீட்டில் பெற்ற தொகையை விபத்து இழப்பீட்டிலிருந்து கழிக்கக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது: தவணை கட்டிய தொலைநோக்கு பாதிக்கப்பட்டவருடையது, அதன் பயன் தவறிழைத்தவருக்குப் போகக் கூடாது என்னும் அந்த நிலைப்பாடு நேர்மையானது.

மோதிய வண்டியின் ஓட்டுநருக்கு உரிமம் இல்லை என்பது போன்ற காப்பீட்டு நிபந்தனை மீறல் இருக்கும்போது, நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் ஆணையிடுவதுண்டு. 2004ஆம் ஆண்டின் ஸ்வரண் சிங் தீர்ப்பு இதற்கு அடிப்படை. காப்பீடே இல்லாத வண்டியென்றால் உரிமையாளர்தான் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அவரிடம் சொத்து இல்லையேல் தீர்ப்பு வெறும் தாளாகவே இருந்துவிடும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. தனியார் வண்டிகளைப் போலக் காப்பீடு எடுக்காமல், விபத்து இழப்பீட்டைத் தம் நிதியிலிருந்தே தருவதற்குச் சட்டம் அவற்றை அனுமதிக்கிறது. தீர்ப்பான தொகை உரிய காலத்தில் செலுத்தப்படாதபோது, நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கே வந்து, பயணிகளை இறக்கிவிட்டு அரசுப் பேருந்தை ஜப்தி செய்து நீதிமன்ற வளாகத்துக்குக் கொண்டுபோகும் செய்தி தமிழ்நாட்டு நாளேடுகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. மகனையோ கணவனையோ இழந்த ஒரு குடும்பம், தனக்கு உரியதைப் பெறுவதற்குப் பேருந்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருப்பது அரசுக்குப் பெருமை தருவதன்று.

இடித்துவிட்டு நிற்காமல் ஓடிய வண்டி எதுவென்று கண்டுபிடிக்க முடியாத நிலையில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்கீழ் மரணத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். 2022 ஏப்ரலுக்கு முன்பு இவை முறையே 25,000 ரூபாயாகவும் 12,500 ரூபாயாகவும் இருந்தன. மனு தீர்ப்பாயத்துக்குச் செல்லாமல், கோட்ட அளவிலான விசாரணை அதிகாரியின் வழியாக மாவட்ட ஆட்சியரிடம் முடிவாகிறது. கொடுங்காயத்துக்கு அளிக்கும் 50,000 ரூபாய் இன்றைய சிகிச்சைச் செலவில் எந்த மூலைக்கும் போதாது என்பது வெளிப்படை. தன் கவனக்குறைவாலேயே சறுக்கி விழுந்து காயமடைந்தவருக்கோ இழப்பீடு கோர எதிர்த்தரப்பே இல்லை. முதல் நாள்களுக்கான அரசுத் திட்டங்களும் தன் பெயரிலுள்ள மருத்துவக் காப்பீடுமே அவருக்கு உண்டு. இருவர் மீதும் தவறு இருந்தால், பாதிக்கப்பட்டவரின் பங்குக்கு ஏற்ற சதவீதம் இழப்பீட்டில் குறைக்கப்படும்.

யார் மீது தவறு என்று நிறுவாமலேயே மரணத்துக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாயும் பெறுவதற்கு 164ஆம் பிரிவு வழிவகுக்கிறது. விரைவில் முடியும் வழி இது. ஆயினும் காப்பீட்டு நிறுவனத்துடனான நடைமுறையின்படி இத்தொகையை ஏற்றுக்கொண்டால், முழு இழப்பீடு கோரித் தீர்ப்பாயத்தில் தாக்கலான மனு செயலிழந்துவிடும். கடன்காரர் வாசலில் நிற்கும் வேளையில் கைக்கு வரும் தொகையை மறுப்பது எளிதன்று; எனினும் நிரந்தர ஊனம் ஏற்பட்டவர்கள், மேலே கண்ட கணக்கைத் தம் வயதுக்கும் வருமானத்துக்கும் போட்டுப் பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

முழு இழப்பீட்டுக்கான மனுவை விபத்து நடந்த இடத்திலோ, மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலோ, எதிர்மனுதாரர் வசிக்கும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்யலாம். ஆகவே திருச்சிக்கு அருகே அடிபட்ட நாகர்கோவில்காரர் வழக்குக்காகத் திருச்சிக்கு நடக்க வேண்டியதில்லை. விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் மனு வந்துசேர வேண்டும் என்ற கால வரம்பு 2022 ஏப்ரல் முதல் மீண்டும் நடைமுறையில் உள்ளது. இரண்டாவது அறுவைக்குக் காத்திருப்பவரும், தலைக்காயத்தால் நினைவு தடுமாறுபவரும்கூட இந்த வரம்புக்கு உட்பட்டவர்கள் என்பதால் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. அவை முடிவாகும் வரை, காலம் கடந்துவிட்டது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் அந்நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அந்த உத்தரவை நம்பிக் காத்திராமல் 6 மாதங்களுக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிடுவதே பாதுகாப்பானது. சிகிச்சை முடியாதிருந்தாலும், பின்னர் சேரும் பில்களையும் மருத்துவக் குழுவின் ஊனச் சான்றையும் விசாரணையின்போது சமர்ப்பிக்க முடியும்.